எந்தப் போனை நம்பலாம், எவ்வளவு நம்பலாம்? இருபடிச் சரிபார்ப்பு பற்றி எங்கள் கரையில் கேட்கும் கேள்விகள்

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், போன் செட்டிங் எல்லாம் பார்க்கிற இடம். விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களில் கடையில் கூட்டம் சேரும். பாம்பன், மண்டபத்திலிருந்து மட்டுமல்ல, கீழக்கரையிலிருந்தும் தெரிந்தவர்கள் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே சந்தேகம்தான், வார்த்தைதான் மாறும். ஒருவருக்கு ஓடிபி தொல்லையாக இருக்கிறது. இன்னொருவர் அந்தத் தொல்லையை நிறுத்தப் போய்க் கணக்கையே இழந்துவிட்டார். அவர்கள் கேட்டதை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

"பாஸ்வேர்டு போட்டாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு நம்பர் கேக்குது?"

பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். தெரிந்த விஷயம் அடுத்தவருக்கும் தெரிந்துவிடலாம். நம்மில் பலர் ஜிமெயிலுக்கும், பேஸ்புக்குக்கும், ஏதோ ஒரு கடை ஆப்புக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்திருக்கிறோம். அந்தக் கடை ஆப்பிலிருந்து அது கசிந்தால் மற்ற இரண்டும் திறந்த வீடுதான். இரண்டாவது படி உங்கள் கையில் இருக்கும் பொருளைக் கேட்கிறது. உங்கள் சிம்முக்கு வரும் எண்ணாகவோ, போனில் உள்ள ஆப் காட்டும் எண்ணாகவோ, போன் திரையில் நீங்கள் தட்ட வேண்டிய "ஆம்" ஆகவோ அது இருக்கும். இதற்குத்தான் இருபடிச் சரிபார்ப்பு என்று பெயர்.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்றும் கேட்பார்கள். கூகுள் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கணக்கோடு போன் எண்ணைச் சேர்த்து எஸ்எம்எஸ் குறியீடு கேட்டாலே, தானியங்கி நிரல்கள் செய்யும் திருட்டு முயற்சிகள் 100 சதவீதமும், மொத்தமாக வலைவீசும் போலிப் பக்க மோசடிகளில் 96 சதவீதமும் தடுக்கப்பட்டன. ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்துச் செய்த தாக்குதல்களில் 76 சதவீதம் நின்றது.

"ஒவ்வொரு தடவையும் கேட்டா எப்படித் தம்பி வேலை பாக்குறது? கேக்காம இருக்க வழி இல்லையா?"

இருக்கிறது. குறியீட்டைப் போடும் பக்கத்திலேயே "இந்தச் சாதனத்தில் மறுபடி கேட்க வேண்டாம்" என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் ஒரு சின்ன அடையாளக் கோப்பை வைத்துவிடும். அதைக் குக்கி என்பார்கள். அடுத்த முறை நீங்கள் பாஸ்வேர்டு போடும்போது தளம் அந்தக் குக்கியைப் பார்க்கும். இவர் ஏற்கெனவே வந்தவர்தான் என்று உள்ளே விடும்.

டிக் போட்டால் பாதுகாப்பே போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கணக்கைத் திருட நினைப்பவர் பெரும்பாலும் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருப்பவர். உங்கள் பாஸ்வேர்டு அவரிடம் இருந்தாலும், அவருடைய கம்ப்யூட்டரில் உங்கள் குக்கி கிடையாது. அவரிடம் குறியீடு கேட்கத்தான் செய்யும். உங்கள் வீட்டு லேப்டாப்பில் மட்டும் தினமும் தொல்லை இருக்காது. தூரத்துத் திருடனுக்குக் கதவு பூட்டியபடியே இருக்கிறது. நீங்கள் செய்ததெல்லாம் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து அந்த லேப்டாப்புக்குக் கொடுத்ததுதான். அந்த நகலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அப்போ எந்தெந்த மெஷின்ல டிக் போடலாம்?"

நான் மூன்று விஷயம் கேட்பேன். அதற்குத் திரைப் பூட்டு இருக்கிறதா? உங்களைத் தவிர யார் அதைத் திறப்பார்கள்? அது தொலைந்தால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் யோசிப்பதில்லை. போன் தொலைந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பீரோ மேல் கிடக்கும் பழைய டேப் தொலைந்தால் மாதக்கணக்கில் தெரியாது. அந்த டேப்பில் டிக் இருக்கக் கூடாது.

சொந்தப் போன், வீட்டில் பூட்டுப் போட்ட லேப்டாப், இரண்டிலும் தாராளமாகப் போடுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரை உங்களைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்றால் மட்டும் போடலாம். படகில் எல்லாரும் எடுத்துப் பேசும் பொதுப் போனில் வேண்டாம். என் கடைக் கம்ப்யூட்டரில் கண்டிப்பாக வேண்டாம். என்னை நம்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அதே நாற்காலியில் ஒரு நாளைக்கு முப்பது பேர் உட்காருகிறார்கள்.

"உங்க கடைக் கம்ப்யூட்டர்ல தெரியாம டிக் போட்டுட்டேனே அண்ணே, லாக்அவுட் பண்ணிட்டேன், பரவாயில்லையா?"

லாக்அவுட் செய்தது நல்லது, ஆனால் அது போதாது. பெரும்பாலான தளங்களில் லாக்அவுட் செய்தாலும் அந்த நம்பிக்கைக் குக்கி அங்கேயே இருக்கும். பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் இரண்டாவது படி கேட்காமலே உள்ளே போய்விடலாம். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று பிரவுசர் கேட்டபோது அதற்கும் சரி என்று தட்டியிருந்தால் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் போனிலிருந்தே இதைச் சரிசெய்யலாம். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், எந்தெந்தச் சாதனத்தில் உள்ளே இருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். உங்களுடையது அல்லாததை வெளியேற்றுங்கள். அப்புறம் இருபடிச் சரிபார்ப்புப் பக்கத்தின் கீழே நம்பகமான சாதனங்கள் (நீங்கள் டிக் போட்டவை) எல்லாவற்றையும் ஒரேயடியாக ரத்து செய்யும் வசதியும் உண்டு. அதை அழுத்தினால் உங்கள் வீட்டு லேப்டாப்பும் ஒருமுறை குறியீடு கேட்கும், அவ்வளவுதான். அடுத்த முறை வெளிக் கம்ப்யூட்டரில் உட்காரும்போது இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்து கொள்ளுங்கள். வேலை முடிந்து அந்தச் சன்னல்களை எல்லாம் மூடினால் குக்கியும் போய்விடும்.

இதோடு சேர்த்து வாட்ஸப்பையும் பாருங்கள். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸப் வெப்பைத் திறந்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் சாவி நகல்தான். இதில் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. போனை 14 நாளைக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால்தான் இணைத்த கம்ப்யூட்டர் தானாக விலகும். நீங்கள் தினமும் வாட்ஸப் பார்ப்பவர் என்றால் அது விலகாமலே கிடக்கலாம். வாட்ஸப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பக்கத்தைத் திறந்து, தெரியாததை எல்லாம் நீக்குங்கள். ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டும் முன் நானே திறந்து கிடக்கும் கணக்குகளை மூடிவிடுகிறேன். எல்லாக் கடையிலும் இதைச் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

"டிக் போட்டும் திரும்பத் திரும்பக் கேக்குதே?"

குக்கி அழிந்திருக்கும். பிரவுசரின் குக்கிகளைச் சுத்தம் செய்தால் இதுவும் போய்விடும். குரோமில் டிக் போட்டுவிட்டு வேறு பிரவுசரில் திறந்தாலும் கேட்கும். சில தளங்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான் நம்பும். பாஸ்வேர்டை மாற்றுவது, போன் எண்ணை மாற்றுவது போன்ற பெரிய காரியம் என்றால் நம்பகமான சாதனத்திலும் மறுபடி கேட்கலாம். கேட்கட்டும், அந்த இடத்தில் கேட்பதுதான் நல்லது.

"கடல்ல டவர் இருக்காது. ஓடிபி எப்படி வரும்?"

எஸ்எம்எஸ் வராது. ஆனால் ஆதன்டிகேட்டர் ஆப் டவர் இல்லாமலே எண் காட்டும். முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் பொதுவாகப் பதிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் வைத்து ஆறு இலக்க எண்ணைக் கணக்குப் போட்டுக் கொள்கின்றன. 30 வினாடிக்கு ஒருமுறை எண் மாறும். இடையில் தகவல் எதுவும் போய்வருவதில்லை. அதனால் பிளைட் மோடிலும் வேலை செய்யும். போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நெட்வொர்க் வந்து ஒட்டிக்கொள்கிறதே, எண் தப்பாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. இரண்டு நாட்டுக்கும் மணி ஒன்றுதான் என்பது ஒரு பக்கம். இந்தக் கணக்கு உலகப் பொது நேரத்தை வைத்து நடப்பது என்பதால் எந்த நாட்டு மணியாக இருந்தாலும் கவலையில்லை.

நான் அதிகம் பார்க்கும் சிக்கல் வேறு. அப்பா கடலில் இருப்பார். மகள் கரையில் கல்லூரி விண்ணப்பம் போட வந்திருப்பாள். அவள் மெயில் கணக்கில் இருப்பது அப்பாவின் எண். ஓடிபி அவர் போனுக்குப் போகிறது, அவர் போன் டவருக்கு வெளியே. கடைசித் தேதி அன்று இப்படிக் கண்ணீரோடு உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாருடைய கணக்கோ அவர் எண்ணை முதலில் போடுங்கள். பிள்ளைக்குப் போன் இல்லையென்றால் கரையில் இருக்கும் அம்மாவின் எண்ணைப் போடுங்கள். அப்பா எண்ணை இரண்டாவதாகச் சேர்த்து வைக்கலாம். கூடவே, ஓடிபி வராதபோது அதற்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோடுகளை (அடுத்த பதிலில் சொல்கிறேன்) வீட்டில் வையுங்கள்.

"போன் கடல்ல விழுந்துருச்சு. ஆதன்டிகேட்டரும் அதுக்குள்ளதான். இப்போ?"

மண்டபத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் இப்படித்தான் வந்து நின்றார். வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் போய்விட்டது. பேக்கப் கோடு எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எடுத்தேன், போட்டோ பிடித்து கேலரியில் வைத்தேன் என்றார். அந்தக் கேலரியும் அதே போனோடு கடலுக்குள். பூட்டும் மாற்றுச் சாவியும் ஒன்றாகவே போய்விட்டன. அவரைக் காப்பாற்றியது வீட்டில் மகன் பயன்படுத்திய லேப்டாப். அதில் அவர் கணக்கு எப்போதோ டிக் போட்டுத் திறந்தபடி இருந்தது. மெயிலை உடனே பார்க்க முடிந்தது, தேவையான கடிதங்களை எடுக்க முடிந்தது. நம்பகமான சாதனம் சோம்பேறித்தனத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கரையில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு இருந்தால், ஒன்று போனாலும் இன்னொன்று வாசலைத் திறந்து வைக்கும்.

கூகுளில் பேக்கப் கோடு கேட்டால் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஒரு எண்ணை ஒருமுறைதான் போடலாம். புதுப் பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது. அதைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் மை ஊறிவிடும், அதனால் கவர் முக்கியம். தாளில் கணக்கின் பெயரையோ பாஸ்வேர்டையோ எழுத வேண்டாம். எண்கள் மட்டும் போதும். கூகுள் ஆதன்டிகேட்டரில் 2023 முதல் கூகுள் கணக்கோடு எண்களைச் சேமிக்கும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் போகவே குறியீடு வேண்டும் என்றால் மறுபடி தாள்தான் கைகொடுக்கும்.

டூப்ளிகேட் சிம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: புது சிம் உயிர் பெற்ற முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்பட்டிருக்கும். உங்கள் பெயரில் யாரோ சிம் எடுத்து ஓடிபி வாங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஒரு நாள் ஓடிபி வரவில்லை என்று பதற வேண்டாம்.

"மாசக் கடைசியில துபாய் போறேன். இந்த ஊர் சிம்முக்கு வர்ற ஓடிபி என்னாகும்?"

கீழக்கரைக்காரர்கள் அதிகம் கேட்பது இதுதான். கிளம்பும் முன் இங்கேயே ரோமிங்கைத் திறந்து விடுங்கள். வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வாங்கப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ரீசார்ஜ் செல்லுபடியில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் துண்டிக்கப்படும். துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் போனில் மணி அடிக்கும். எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் எல்லாக் கணக்கிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிட்டு விடுங்கள்.

மெயில் போன்ற கணக்குகளை ஊரில் இருக்கும்போதே ஆதன்டிகேட்டருக்கு மாற்றுங்கள். துபாய் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருந்தாலும், முன்பு சொன்ன காரணத்தால் எண் மாறாது. கொண்டுபோகும் போனிலேயே எல்லாக் கணக்கிலும் நுழைந்து டிக் போட்டுக் கொள்ளுங்கள். புது நாட்டிலிருந்து புதுப் போனில் திறந்தால்தான் தளங்கள் அதிகம் சந்தேகப்படும். பேக்கப் கோடுத் தாளின் ஒரு நகல் பாஸ்போர்ட் கவரில், இன்னொன்று வீட்டில் உம்மாவிடம்.

"கைரேகை எடுக்கவே மாட்டேங்குது. பாஸ்கீ எல்லாம் நமக்கு ஆகுமா?"

சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்காமார் கேட்ட கேள்வி. பாறையிலும் உப்புத் தண்ணீரிலும் தேய்ந்த விரல். போன் அதை அடையாளம் காணாது. ஆனாலும் பாஸ்கீ ஆகும். பாஸ்வேர்டு தட்டாமல், போன் பூட்டைத் திறப்பது போலவே கணக்கைத் திறக்கும் முறைதான் அது. கைரேகைக்குப் பதிலாகப் போனின் திரைப் பூட்டு எண்ணையே போடலாம். நீங்கள் வைக்கும் ரேகை எந்தத் தளத்துக்கும் போவதில்லை, போனுக்குள்ளேயே நின்றுவிடும்.

எனக்குப் பாஸ்கீ பிடிக்க ஒரு காரணம் உண்டு. அது உண்மையான தளத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அச்சு அசலாக அதே மாதிரி போலிப் பக்கம் போட்டு வைத்தாலும் பாஸ்கீ அங்கே திறக்காது. ஓடிபியை நாம் ஏமாந்து போலிப் பக்கத்தில் தட்டிவிடலாம். பாஸ்கீயை அப்படிக் கொடுக்க வழியே இல்லை. பாதுகாப்பும் கூடுகிறது, வேலையும் குறைகிறது. ஒரே கட்டாயம், திரைப் பூட்டு எண் பிறந்த வருடமாகவோ 1234 ஆகவோ இருக்கக் கூடாது.

"வீட்ல ஒரே போன், நாலு பேர் பாக்குறோம். இதுல எப்படி நம்புறது?"

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளையின் பள்ளிக் கணக்கு, யூடியூப் போன்றவற்றுக்கு டிக் இருக்கட்டும். எல்லாக் கணக்கையும் மீட்டெடுக்க உதவும் முக்கிய மெயிலுக்கு மட்டும் ஆப் பூட்டு போடுங்கள். பணம் சம்பந்தப்பட்டதில் நமக்கு முடிவெடுக்கும் வேலையே இல்லை. யுபிஐ ஆப் உங்கள் சிம்மையும் அந்தப் போனையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது, ஆனாலும் பணம் அனுப்பப் பொதுவாகப் பின் எண் கேட்கும். அந்தப் பின் எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் விவரம் தெரியாதபடி அறிவிப்பு அமைப்பையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போனைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்கலாம்.

"நான் ஒண்ணுமே தொடல. போன் தானா 'நீங்கதானா?'ன்னு கேக்குது. ஆமான்னு குடுத்துரலாமா?"

வேண்டவே வேண்டாம். அந்தக் கேள்வி வந்தால், பெரும்பாலும் யாரோ உங்கள் பாஸ்வேர்டை ஏற்கெனவே சரியாகப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார் என்று பொருள். "இல்லை" என்று தட்டிவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். சிலர் ராத்திரியில் இருபது முறை அனுப்புவார்கள், தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை ஆமென்று தட்டிவிடுவோம் என்று. வங்கியிலிருந்து பேசுகிறேன், வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தாலும் இதே கதைதான். பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். நாளைக்கு விடிந்ததும் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கை மாறிப் போய்விடும்.

"என் சொந்தப் போன்தான், டிக்கும் அதுல மட்டும்தான். அப்படியும் கணக்கு போயிருச்சே, எப்படி?"

இதற்குப் பதில் சொல்லும்போது எனக்கே மனசு கனக்கும், ஏனென்றால் கேட்டவர் மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார். வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. தெரிந்த எண்ணிலிருந்துதான் வந்தது. தட்டினால் பத்திரிகை திறக்கவில்லை, ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகிவிட்டது. வண்டி அபராதம் என்ற பெயரிலும் இப்படி ஏபிகே கோப்புகள், அதாவது தட்டினால் ஆப் இன்ஸ்டால் செய்யும் கோப்புகள், சுற்றுகின்றன. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், நாமும் சரி சரி என்று தட்டுவோம். அதற்கப்புறம் ஓடிபி நமக்கு வரும்போதே திருடனுக்கும் போய்விடும்.

கம்ப்யூட்டரில் இன்னொரு வகை உண்டு. திருட்டு மென்பொருளோடு வரும் நச்சு நிரல், உள்நுழைந்த நிலையில் இருக்கும் குக்கிகளை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். சாவி நகலையே திருடுவது போல. தளத்துக்கு அது நீங்கள்தான் என்று தோன்றும், பாஸ்வேர்டும் கேட்காது, குறியீடும் கேட்காது. இரண்டாம் படி தூரத்துத் திருடனை நிறுத்தும் என்றேன். அவனைச் சாதனத்துக்குள்ளேயே நாம் கூட்டி வந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி நடந்தால், சுத்தமான வேறொரு போனிலிருந்து எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, நம்பிக்கையை ரத்து செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். கெட்டுப்போன போனை முழுதாக அழித்து அமைத்த பிறகே அதில் மறுபடி நுழையுங்கள்.

"படகு நிக்குற ரெண்டு மாசத்துல போனை மாத்தலாம்னு இருக்கேன். பழசை அப்படியே வித்துரலாமா?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது நிதானமாகச் செய்யலாம், நல்ல யோசனைதான். ஆனால் வரிசை முக்கியம். புதுப் போன் கைக்கு வந்து எல்லாம் ஓடும் வரை பழையதைக் கொடுக்காதீர்கள். ஆதன்டிகேட்டரில் கணக்குகளை மாற்றும் வசதி இருக்கிறது: பழைய போன் க்யூஆர் காட்டும், புதியது ஸ்கேன் செய்யும். புதியதில் வரும் எண்ணை வைத்து ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். அப்புறம் பழைய போனைச் சாதனப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அதிலிருந்த கூகுள் கணக்கை எடுத்துவிடுங்கள், கடைசியாக முழு ரீசெட் செய்யுங்கள்.

கூகுள் கணக்கை எடுக்காமல் அவசரத்தில் ரீசெட் செய்து விற்றால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது பழைய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்டு நிற்கலாம். அவர் உங்களுக்குப் போன் செய்து பாஸ்வேர்டைக் கேட்பார். சொல்லாதீர்கள். போனைக் கொண்டுவரச் சொல்லி, நீங்களே உங்கள் கையால் போட்டு, கணக்கை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.